நளன் கற்ற இரு கலைகள்

குதிரையைச் செலுத்தும் கலையும் உணவு சமைக்கும் கலையும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. முன்னது வெட்டவெளியில் விளங்குவது. பின்னது அடுக்களையுள் அடங்குவது. இவ்விரண்டிலும் வல்லவன் என்று நம் இலக்கியம் போற்றுபவன் நளன். நாடு இழந்து, மனையாளைப் பிரிந்து, உருவம் மாறி, அயோத்தி வேந்தனிடம் வாகுகன் என்னும் பெயரோடு அவன் பணி புரிந்தபோது தேர்ப்பாகனாகவும் இருந்தான். மடைத்தொழில் வல்லவனாகவும் இருந்தான். உருமாறி நின்ற அவனை இன்னான் என்று அறிய விரும்பிய தமயந்தி, அவன் சமைத்த உணவைக் கொணரச் செய்து சுவைத்துப் பார்த்தாள் என்பது கதை. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவை முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். தேரின் விரைவைச் சொல்லும்போது மாணவர்கள் வாய் திறந்து கேட்பார்கள். அடுக்களைப் பகுதியிலிருந்து தேர்வில் வினா வருவதில்லை. ஆதலால் அதனை விரைந்து கடப்பது வழக்கம்.

அவ்விரு கலைகளையும் ஒரே பண்ணையில், ஒரே வாரத்தில் கற்பிக்கும் வழக்கம் இத்தாலி நாட்டில் இருக்கிறது. காலையில் குதிரை ஏற்றம், பிற்பகலில் சமையற்பாடம், இரவில், சமைத்ததை எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணுதல். விடுமுறையை இவ்வாறு கழிப்பதற்கென்றே பல நாட்டு மக்களும் அங்கே செல்கின்றனர். கேட்பவர்க்கு இது செல்வரின் பொழுதுபோக்காகத் தோன்றும். இதன் தோற்றமோ உழவரின் இடுக்கணில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டில் தொழிற்சாலைகள் பெருகின. உழவர் குடும்பங்கள் நகரங்களை நாடிப் போயின. கல்லால் கட்டிய பண்ணை வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒலிவ மரங்கள் கிளை கழிப்பாரின்றிக் காடாயின. நிலத்தை விடாமல் நின்ற உழவர்கள், தம் வீட்டு அறைகளில் விருந்தினரைத் தங்க வைத்து, தம் விளைபொருளைச் சமைத்துக் கொடுத்து, அதனால் ஊதியம் பெறலாம் என்று 1985ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. உழவே முதன்மையாக இருத்தல் வேண்டும், விருந்து அதற்குத் துணையாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. உழவையும் விருந்தோம்பலையும் இணைத்து ஒரு நாட்டின் சட்டமன்றம் விதி செய்தது என்பதை அறிந்தபோது, திருக்குறள் படித்தவனாகிய எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

அறுபத்தாறாம் வயதில் நான் அங்குச் சென்றது குதிரையை விரும்பி அன்று. இத்தாலியைக் காண விரும்பியும் அன்று. அமராவதி ஆற்றங்கரையில் என் பாட்டனார் கட்டிய வீட்டில் நான் தனியே வாழ்கிறேன். என் மனைவி மறைந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பகலில் பக்கத்துத் தெருவிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரும். இரவில் பாலும் பழமும். உடல் மெலிந்தது. மிலான் நகரில் பொறியாளராகப் பணியாற்றும் என் ஒரே மகள், கைப்பேசியில் என் முகத்தைக் காணுந்தோறும் வருந்துவாள். "வீட்டைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்துவிடுங்கள், அப்பா" என்பாள். ஏட்டுச் சுவடிகளும், முற்றத்து முருங்கையும், மாலை வேளையில் திண்ணைக்கு வந்து ஐயம் கேட்கும் பிள்ளைகளும் உள்ள வீட்டை எங்ஙனம் பூட்டுவது? ஓராண்டு இவ்வாறு கழிந்தது. இறுதியில் அவள் ஓர் உடன்படிக்கை சொன்னாள்: "ஒரு மாதம் வந்து என்னோடு இருங்கள். அதில் ஒரு வாரம் சமையல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உணவை நீங்களே ஆக்கிக்கொள்வீர்கள் என்று நான் கண்ணால் கண்டுவிட்டால் ஊரிலேயே இருங்கள். இல்லையென்றால், என் சொல்லைக் கேட்க வேண்டும்." அவள் குதிரை ஏற்றம் பழகியவள். தன் விருப்பமும் என் தேர்வும் ஒரே இடத்தில் நிறைவேறுமாறு ஒரு பண்ணையைத் தேர்ந்திருந்தாள். எத்தனையோ பேருக்குத் தேர்வு வைத்த எனக்கு இறுதித் தேர்வு அடுப்படியில் என்று எழுதியிருந்தது போலும்!

அப்பண்ணை இருந்த நிலப்பகுதிக்கு மரெம்மா என்று பெயர். டஸ்கனி மாநிலத்தின் தென்பால், கடலை ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலம் அது. கிரோசெட்டோ என்பது அதன் தலைநகர். நாங்கள் சென்ற சித்திரைத் திங்களில் வயலெங்கும் செந்நிறக் கசகசாப் பூக்கள் மலர்ந்திருந்தன; ஆயினும் அந்நிலத்தின் பழைய வரலாறு இனியது அன்று. நூற்றாண்டுகள் பலவாக அது சதுப்பாகக் கிடந்தது. மலேரியா என்னும் சொல்லே இத்தாலியச் சொல்தான்; 'தீய காற்று' என்பது அதன் பொருள். சதுப்பிலிருந்து எழும் காற்றே நோயைத் தருகிறது என்று அக்காலத்தார் நம்பினர். கொசுவின் வயிற்றுள் அந்நோயின் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது 1897ஆம் ஆண்டில். கண்ட இடம் நம் நாட்டுச் செகந்தராபாத். அதற்கு முன்னெல்லாம், கோடை பிறந்தால் கிரோசெட்டோ நகரின் அரசு அலுவலகங்களே மலைமேல் இருந்த ஊர்களுக்குப் பெயர்ந்துவிடும். டஸ்கனியை ஆண்ட இரண்டாம் லெயோபோல்டு என்னும் கோமகன் 1828ஆம் ஆண்டு முதல் சதுப்பைத் தூர்க்கும் வேலையைத் தொடங்கினான். அதற்கு அவன் கையாண்ட வழி வியக்கத்தக்கது. ஓம்புரோனே ஆற்றின் வெள்ளத்தைக் கால்வாய் வெட்டிச் சதுப்பினுள் திருப்பி, அது கொணரும் வண்டலைக்கொண்டே பள்ளத்தை நிரப்பச் செய்தான். பல தலைமுறை உழைப்புக்குப்பின் நிலம் விளைநிலமாயிற்று. 1970ஆம் ஆண்டில் இத்தாலி மலேரியா நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டது.

மனிதர் அஞ்சி விலகிய அந்நிலத்தில் வாழ்ந்தவை மாடுகளும் குதிரைகளும். மாடுகள் சாம்பல் நிறத்தவை; யாழின் கோடு போல் இருபுறமும் வளைந்து உயர்ந்த கொம்புகள் உடையவை. கொங்கு நாட்டவனாகிய நான் அவற்றைக் கண்டவுடன் காங்கயம் காளைகளை நினைத்தேன். ஆனால் இவை தொழுவம் அறியா. மழையிலும் பனியிலும் ஆண்டு முழுவதும் வெளியிலேயே வாழ்கின்றன. இவற்றைக் குதிரைமேல் இருந்து மேய்ப்பவர்க்குப் 'புத்தேரோ' என்று பெயர். இடக்கையில் கடிவாளம், வலக்கையில் நீண்ட கோல். அக்கோலின் வளைந்த முனையால் வேலிப்படலைத் திறப்பதும் மூடுவதும் குதிரையை விட்டு இறங்காமலே நடக்கும். நாள் முழுதும் அமர்வதற்கு ஏற்பப் பஞ்சணை போன்ற பெரிய சேணம். 1890ஆம் ஆண்டில் அமெரிக்கக் குதிரை வீரர் பஃபலோ பில் தம் குழுவுடன் ரோம் நகருக்கு வந்தபோது, அந்நகருக்குத் தெற்கே வாழ்ந்த புத்தேரோக்கள் அவர்களோடு போட்டியில் இறங்கினர். வென்றவர் நம்மவரே என்று இத்தாலியர் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். மரெம்மாவில் ஒரு பகுதி 1975ஆம் ஆண்டு முதல் காப்புக்காடாக இருக்கிறது. அதனருகே உள்ள அல்பெரேசேயில் இன்றும் புத்தேரோக்கள் விடியற்காலையில் மந்தையை நோக்கிப் புறப்படுவதைக் காணலாம்.

எங்கள் பண்ணையில் குதிரைப் பாடம் சொன்னவரும் அம்மரபில் வந்த முதியவரே. நான் குதிரை ஏறப் போவதில்லை என்று மகள் முதல் நாளே அவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு ஒரு தூரிகையை என் கையில் கொடுத்தார். ஏறாதவர் தேய்க்கலாம் அன்றோ!

எனக்குத் தெரிந்த குதிரைகள் மூன்று வகை. இளமையில் தொடர்வண்டி நிலையத்து வாயிலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று. ஊர் எல்லையில் ஐயனார்க்கு நேர்ந்துவிட்ட மண்குதிரை ஒன்று. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரை ஒன்று. மூன்றையும் எட்ட நின்றே கண்டிருக்கிறேன். (மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமோ என்னும் பழமொழியில் உள்ளது குதிரை அன்று, ஆற்றிடை மணல்மேடாகிய 'குதிர்' என்பாரும் உளர். அது நிற்க.) இங்கே என்முன் நின்றது பதினெட்டு வயதுப் பெண்குதிரை. செம்பழுப்பு உடல், கரிய பிடரி மயிர், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அச்சுட்டியை எண்ணி, விண்மீன் என்னும் பொருளில் ஸ்டெல்லா என்று பெயரிட்டிருந்தனர்.

முதியவர் சொன்னவை எளிய செய்திகள். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. நேர்ப்பின்னால் நிற்பதை அது காணாது. ஆகவே இடத்தோளின் பக்கமாக, அது காணுமாறு வர வேண்டும். உணவு தரும்போது உள்ளங்கையைத் தட்டையாக விரிக்க வேண்டும். காதுகள் முன்னோக்கி நின்றால் அதன் கருத்து முன்னே இருக்கிறது; பின்னோக்கிப் படிந்தால் அது சினந்திருக்கிறது. குளம்பின் அடியில் சிக்கிய கல்லையும் மண்ணையும் நாள்தோறும் கொக்கியால் எடுக்க வேண்டும். இரும்புக் கடிவாளம் தங்குவது முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடத்தில். அவ்விடத்து ஈறு மிக மெல்லியது. கையின் சிறு நடுக்கமும் அங்கே நோவாகப் போய்ச் சேரும். இக்கடைசிச் செய்தியைச் சொல்லும்போது அவர் என் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தம் விரல்களால் பற்றி மெல்ல அழுத்திக் காட்டினார். "இவ்வளவே போதும்" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மார்க்கோ போலோவின் நினைவு எனக்கு அங்கேதான் வந்தது. வெனிஸ் நகரத்தவராகிய அவர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்தார். அவர் சொல்லச் சொல்லப் பைசா நகரத்து ருஸ்திசெல்லோ என்பவர், ஜெனோவாச் சிறையில் 1298ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அந்நூலில் நம் குதிரைகளைப் பற்றிய செய்தி இருக்கிறது. அரசன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. அவற்றைப் பேணத் தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை. சோற்றோடு இறைச்சியையும் வேகவைத்து ஊட்டுகின்றனர் என்று அவர் சொல்கிறார். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையில் படித்து மகிழ்ந்தவன் நான். வந்து இறங்கிய குதிரை என்ன உண்டது என்று அதில் இல்லை. இச்செய்தியை மகள் வாயிலாக முதியவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. "குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒவ்வாதது உள்ளே போனால் வயிறு முறுக்கிச் சாகும்" என்றார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த குதிரைகளுக்காக ஒருவர் வருந்தக் கண்டேன். அன்று மாலை அவரே வைக்கோலை உதறி, முகர்ந்து பார்த்து, ஸ்டெல்லாவின் தொட்டியில் இட்டார்.

மூன்றாம் நாள் நான் ஏறினேன். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் தேய்த்த முதுகு அயலாருடையதாகத் தோன்றவில்லை, அவ்வளவே. மரப்படிமேல் நின்று, இடக்காலை அங்கவடியில் வைத்து, முதியவரின் தோளைப் பற்றி ஏறினேன். மேலிருந்து காணும் நிலம் வேறு. உடல் தானே பின்னால் சாய்ந்தது. கை கடிவாளத்தை இழுத்தது. ஸ்டெல்லா தலையை உதறியது. முதியவர் 'கப்ரில்லி' என்றார். அது ஒருவர் பெயர் என்று பிறகு அறிந்தேன்.

பெடெரிகோ கப்ரில்லி 1868ஆம் ஆண்டில் லிவோர்னோ என்னும் டஸ்கனித் துறைமுக நகரில் பிறந்தவர், குதிரைப்படை அதிகாரி. அவர் காலம் வரையில், குதிரை தடையைத் தாண்டும்போது மேலிருப்பவன் பின்னே சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதே முறையாக இருந்தது. முன்கால்கள் பளு தாங்கமாட்டா என்று கருதினர். கப்ரில்லியோ, ஆள் ஏறாத குதிரை எவ்வாறு தாண்டுகிறது என்பதை நோக்கினார். அது கழுத்தை நீட்டி, முன்கால்களை ஊன்றி இறங்குவதைக் கண்டார். "குதிரைக்குத் தாண்டத் தெரியும், நாம் அதற்குத் தடையாக இராமல் இருந்தால் போதும்" என்னும் கருத்தில் அவர் புதிய முறை ஒன்றை வகுத்தார். அங்கவடியைக் குறுக்கி, உடலை முன்னே சாய்த்து, கடிவாளத்தைத் தளர விட்டு, குதிரையின் ஓட்டத்தோடு செல்லுதலே அம்முறை. முதலில் படைத்தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. 1902ஆம் ஆண்டில் தூரின் நகரில் அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். 1907இல், நாற்பது வயது நிரம்பும் முன்னரே, குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். இன்று உலகெங்கும் குதிரை தாண்டுவோர் அவர் முறையையே பின்பற்றுகின்றனர். நான் தாண்டவில்லை, நீண்ட கயிற்றின் முனையில் வட்டமாக நடந்தேன். குதிகாலைத் தாழ்த்தி, பார்வையை முன்னே செலுத்தி, விரல்களைத் தளர விட்டபோது ஸ்டெல்லாவின் காதுகள் முன்னே திரும்பின. அந்தக் காதுகளைக் கண்டு நான் அடைந்த பெருமிதம், வித்துவான் தேர்வில் தேறிய அன்றும் அடைந்தேனோ என்று ஐயுறுகிறேன்.

இனி அடுக்களைக்கு வருவோம். அதற்கு உரியவர் எழுபது கடந்த ஓர் அம்மையார், முதியவரின் தமக்கை. புலால் உண்ணேன் என்று கேட்டதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "எங்கள் ஏழைகளும் உண்டதில்லை, கிடைத்தால் அன்றோ உண்பது!" என்றார். பெக்கொரினோ என்னும் ஆட்டுப் பாலாடைக்கட்டி அங்கே எல்லா உணவிலும் தூவப்படுவது. அதனை என் தட்டில் இடுமுன் கையை நிறுத்தி, பால் உறைவதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்ப்பது வழக்கம் என்று சொன்னார். நான் கேளாத செய்தி அது. சொல்லாமல் இட்டிருந்தால் நான் அறிந்திருக்கவும் மாட்டேன். அவரை என் ஆசிரியராக நான் கொண்டது அந்தக் கணத்தில்தான்.

டஸ்கனியின் ரொட்டியில் உப்பு இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குக்கு முதல் நாள் அது பெருஞ்சோதனை. உடன் உண்ணும் குழம்பில் உப்பு இருப்பதால் ரொட்டியில் வேண்டா என்பது அவர்கள் கொள்கை. சோற்றில் நாம் உப்பிடுகிறோமா என்று எண்ணிப் பார்த்தேன். ரொட்டியோடு உடன்பாடு உண்டாயிற்று.

முதற்பாடம் 'பிச்சி'. நமக்கு அது மல்லிகையின் இனமான பூ. அவர்களுக்கோ கோதுமை மாவில் கையால் திரிக்கும் பருத்த இழை. மாவும் நீரும் சிறிது எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, துணி மூடி அரைமணி நேரம் விட்டு, பட்டையாக அறுத்து, மரப்பலகைமேல் இரு உள்ளங்கையாலும் உருட்டி நீட்ட வேண்டும். உடன் கற்றவர்கள் கையில் அது அறுந்தது. எனக்கு அறவில்லை. கார்த்திகைதோறும் அகல்விளக்குக்குப் பஞ்சுத்திரி திரித்த கை இது! அம்மையார் என் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். மார்க்கோ போலோவே சீனத்திலிருந்து இவ்விழையுணவை இத்தாலிக்குக் கொணர்ந்தார் என்று பலர் சொல்வர். அவர் திரும்பி வந்தது 1295இல். 1279ஆம் ஆண்டிலேயே, ஜெனோவாவில் ஒருவன் விட்டுச் சென்ற பொருள்களின் பட்டியலில் ஒரு கூடை மாக்கரோனி காணப்படுகிறது. அவன் குதிரைச் செய்தி மெய். இழைச் செய்தி பிறர் கட்டிய கதை.

இரண்டாம் பாடத்தில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. அம்மையார் குழம்பில் 'ஜென்ஸெரோ' சேர்க்கச் சொன்னார். அது இஞ்சிக்குப் பெயர் என்றாள் மகள். ஆனால் அம்மையார் சுவரில் தொங்கிய மாலையிலிருந்து கிள்ளி எடுத்தது மிளகாய்! டஸ்கனியின் பழைய வழக்கில் மிளகாய்க்கும் அதே பெயராம். நம் 'இஞ்சிவேர்' என்னும் சொல்லே பாகதம், கிரேக்கம், இலத்தீன் வழியாகச் சென்று அவ்வாறு திரிந்தது என்பது மொழிநூலார் முடிபு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்கு, தமிழகத்துக் கிழங்கின் பெயர், டஸ்கனிக் கிழவியார் வாயில்! நான் சிரித்த சிரிப்பின் காரணத்தை மகள் விளக்கி முடிப்பதற்குள் வெங்காயம் தீய்ந்துவிடும் நிலைக்கு வந்தது. "சொல்லைப் பிறகு பாருங்கள், வாணலியைப் பாருங்கள்" என்றார் அம்மையார்.

அன்று செய்தது 'அக்வாகோட்டா'. 'வெந்த நீர்' என்பது பொருள். புத்தேரோக்களும் கரி சுடுவோரும் காட்டில் சமைத்து உண்டது. ஒலிவ எண்ணெயில் நிறைய வெங்காயத்தைச் சிறுதீயில் பொறுமையாக வதக்கி, செலரித் தண்டும் கீரையும் தக்காளியும் மிளகாயும் சேர்த்து, நீர் ஊற்றி நெடுநேரம் வேகவிட்டு, காய்ந்த ரொட்டித் துண்டின்மேல் ஊற்றி உண்பர். முட்டை உண்பவர் அதன்மேல் ஒரு முட்டையை உடைத்து விடுவர். அளவு கேட்டேன். 'குவாந்தோ பாஸ்தா' என்றார் அம்மையார். அந்நாட்டுச் சமையல் நூல்களில் உப்புக்கும் எண்ணெய்க்கும் எதிரே இச்சொற்களின் முதலெழுத்துகளையே அச்சிடுகின்றனர். 'போதுமான அளவு' என்பது பொருள். போதுமானது எது என்பதை நூல் சொல்லாது. ஐந்து நாளும் நான் அதனையே கற்றேன்.

ஐந்தாம் நாள் இரவு, "உங்கள் நாட்டில் வெந்த நீர் உண்டோ?" என்று அம்மையார் கேட்டார். உண்டு என்றேன், மிளகுசாறு, அதனையே இரசம் என்பர் என்றேன். நம் 'மிளகு தண்ணீர்' ஆங்கிலத்தில் புகுந்து உருமாறிய வரலாற்றையும் சொன்னேன். "நன்று. நாளை இறுதி நாள், அதைச் செய்யுங்கள்" என்றார். சொல்லின் வரலாறு தெரியும். சாற்றின் செய்முறை தெரியாது. என் மனைவி நாள்தோறும் வைத்த சாறு அது. அவள் அதனை எழுதி வைத்ததில்லை. அவள் அன்னையும் எழுதி வைத்ததில்லை. எழுதும் வழக்கமே இல்லாத கலை. இதனை மகள் மொழிபெயர்த்தபோது அவள் குரல் தழுதழுத்தது. அடுக்களையில் யாரும் பேசவில்லை.

அம்மையார் நாற்காலியை இழுத்து என் எதிரே அமர்ந்தார். "அவர் சமைக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டார். திண்ணையில் என்றேன், ஏடு பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். "அங்கே என்ன கேட்கும்?" என்றார்.

கேள்விச் செல்வத்தைப் பற்றி எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கிறேன். இவ்வினாவை என்னிடம் எவரும் கேட்டதில்லை. கண்ணை மூடினேன். முதலில் அம்மிக்கல்லின் ஓசை. நீண்ட அரைப்பு அன்று, நாலைந்து தட்டல். "மிளகும் சீரகமும், நசுக்கியது மட்டும்" என்றாள் மகள். அதனோடு மெல்லிய ஓர் ஓசை, பூண்டு. பின்பு ஓசையற்ற நேரம். அப்போது புளியின் மணம் வரும். கொதிக்கும் ஓசை கேட்டதே இல்லை. "நுரை கூடியதும் அம்மா இறக்கிவிடுவாள், அப்பா, கொதிக்க விடமாட்டாள்" என்றாள் மகள். இறுதியில் கடுகு வெடிக்கும் ஓசை, கறிவேப்பிலையின் சலசலப்பு, பெருங்காய மணம். அதன்பின் "இலை போடட்டுமா?" என்னும் குரல். அம்மையார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் என் செவி வழியாக அப்பாடம் நடந்திருக்கிறது.

ஆறாம் நாள் காலை, மற்றவர்களோடு நானும் ஸ்டெல்லாவின்மேல் அமர்ந்து, தேவதாரு போன்ற பைன் மரக்காட்டின் ஊடே கடற்கரை வரை சென்று திரும்பினேன். மகள் முன்னே விரைந்து ஓட்டிச் சென்றாள். முதியவர் என் பக்கத்தே நடையாக வந்தார். கடல் தெரிந்தது. அதனை வருணிக்க நேரமில்லை. என் மனம் முழுவதும் புளியில் இருந்தது.

புளியும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் மகள் மிலானில் இலங்கைக்காரர் கடையில் வாங்கி, என் மாத உணவுக்கென்று பெட்டியில் வைத்திருந்தாள். அம்மி இல்லை, பூண்டு நசுக்கும் கல்லுரல் இருந்தது. நான்தான் செய்தேன், எவரும் கை கொடுக்கவில்லை. நுரை கூடும்போது என் கை நடுங்கியது. சற்று முன்னரும் கூடாது, பின்னரும் கூடாது. இறக்கினேன், தாளித்தேன்.

மகள் ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்தாள். நெடுநேரம் விழுங்கவில்லை. "அம்மா வைப்பதில் பெருங்காயம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்" என்றாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். அதுவும் காலியான பின்பு, "ஊருக்கு எந்தத் தேதியில் பயணச்சீட்டு எடுக்கட்டும், அப்பா?" என்று கேட்டாள்.

அம்மையார் சாற்றை உப்பில்லா ரொட்டியின்மேல் ஊற்றி உண்டார். மிளகின் காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தது, ஆயினும் விடவில்லை. உண்ட பின், எண்ணெய்க் கறை படிந்த தடித்த குறிப்பேடு ஒன்றைக் கொணர்ந்தார். அதில் ஒவ்வோர் உணவுக்கும் அதனைக் கற்பித்தவரின் பெயரே தலைப்பாக இருந்தது: மாமியார், அண்டை வீட்டுக்காரி, ஊரை விட்டுப்போன ஒரு தோழி என்று மகள் படித்துச் சொன்னாள். புதிய பக்கத்தில் புளி, மிளகு, சீரகம், பூண்டு என்று மகள் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்த இரண்டு முதலெழுத்துகளை இட்டார். பின்பு எழுதுகோலை உயர்த்தி, யார் பெயரை எழுதுவது என்பதுபோல் என்னை நோக்கினார். என் மனைவியின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அது புதிய ஒலி. இருமுறை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும், பிழை இருக்கிறதா என்று ஏட்டை வாங்கிப் பார்த்தேன், இல்லை.